பிள்ளைப்பேற்றுக் காலம் முடிந்த பின்னும் உயிரின் மேல் பிடிப்பு ஏன்?

கேள்வி (குடியாத்தம் வாசகர்):
84 வயதாகும் என் பாட்டி, சாமி எப்போது கூப்பிடுமோ என்று காலையில் அலுத்துக்கொள்வார். மாலையில் இரத்த அழுத்த மாத்திரை ஒரு வேளை தவறினால் வீட்டையே இரண்டாக்கிவிடுவார். மாதந்தோறும் அவரை வேலூருக்கு மருத்துவரிடம் அழைத்துச் செல்லும்போது, அங்கே காத்திருக்கும் முதியவர்களைப் பார்த்து எனக்கு இந்த ஐயம் எழுகிறது. பரிணாமம் சந்ததியை மட்டுமே கணக்கில் கொள்ளும் என்றால், பிள்ளை பெறும் பருவம் கடந்து 30 ஆண்டுகளுக்கு மேலான உடலில் உயிராசையை ஏன் விட்டுவைத்திருக்கிறது?

மறுமொழி (காட்பாடி, உயிரியல் ஆசிரியர்):
சந்ததி விட உதவும் பண்புகளைத் தலைமுறை தலைமுறையாக நிலைக்கச் செய்யும் இயற்கைத் தேர்வுக்கு, நீண்ட ஆயுளின் மேல் தனி அக்கறை கிடையாது. பழங்காலத்தில் விபத்துக்கும் நோய்க்கும் தப்பி முதுமையை எட்டியவர்கள் குறைவு என்பதால், பிற்காலத்தில் தீங்கு செய்யும் மரபணுக்களைக் களையும் வலிமை தேர்வுக்கு இல்லாமல் போயிற்று என்று உயிரியலாளர் பீட்டர் மெடவார் 1952இல் விளக்கினார். இளமையில் உதவும் மரபணுவே முதுமையில் கேடாகலாம் என்று 1957இல் ஜார்ஜ் வில்லியம்ஸ் என்ற மற்றோர் உயிரியலாளர் ஒரு படி மேலே போனார். நம் பக்கத்து ரயில் கற்றாழையைப் பாருங்கள்: பல ஆண்டுகள் சேர்த்துவைத்ததையெல்லாம் ஒரே பூந்தண்டில் செலவழித்துவிட்டுக் காய்ந்துபோகிறது.

உயிராசை வேறு கணக்கு. தேர்வு நமக்குத் தந்தது நூறாண்டு வாழும் விருப்பத்தை அன்று; பாம்பைக் கண்டதும் பின்வாங்கும் காலையும், மூச்சு முட்டினால் திமிறும் நெஞ்சையும்தான். இளமையில் உயிர்காத்த அந்த அச்சத்தை 60 வயதில் அணைத்துவைப்பதால் சந்ததிக்கு எந்த ஆதாயமும் இல்லாதபோது, அது அணையாமலே தொடர்வதில் வியப்பில்லை.

மறுமொழி (ஆம்பூர், ஓய்வுபெற்ற செவிலியர்):
ஆசிரியர் பாட்டிகளை மறந்துவிட்டார். தான்சானியாவின் ஹாட்சா மக்களிடையே முதிய பெண்கள் கிழங்கு தோண்டிப் பேரப்பிள்ளைகளுக்கு ஊட்டுவதைக் கவனித்த மானிடவியலாளர் கிறிஸ்டன் ஹாக்ஸும் உடன் ஆய்வாளர்களும், மாதவிடாய் நின்ற பிறகும் பெண்கள் நெடுநாள் வாழ்வதற்கு அந்த உழைப்பே காரணமாகலாம் என்றார்கள். அந்தக் கருதுகோளை எல்லோரும் ஏற்கவில்லை என்றாலும், நான் நோயாளிகளிடம் கேட்டது அதற்கு நெருக்கமானது: இத்தனை ஆண்டு வேண்டும் என்று கேட்டவர்கள் அரிது, பேத்தியின் கல்யாணம் வரை இருந்தால் போதும் என்றவர்களே மிகுதி.

மறுமொழி (காட்பாடி ஆசிரியர்):
ஏற்கிறேன், அம்மா. ஆனால் மாத்திரைக்காகச் சண்டையிடுவதை இயல்பூக்கம் என்று சொல்லத் தயங்குகிறேன். உயர் இரத்த அழுத்தம் பெரும்பாலும் எந்த அறிகுறியும் காட்டுவதில்லை. உடல் உணராத ஆபத்தைப் பற்றிய அச்சம், மருத்துவர் சொல்லி நாம் கற்றுக்கொண்டது. பாம்புக்கு என்று அமைந்த பழைய அச்சம் இப்போது ஓர் எண்ணின் மேல் போய் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

மறுமொழி (குடியாத்தம் வாசகர்):
உண்மைதான், ஐயா. நேற்றுக் காலை வரை நலமாக முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தவருக்கு, அளவுக் கருவியில் 160 என்று பார்த்த பிறகுதான் தலை சுற்றியது.