புதுப்பிப்பு: நானோடிராப்பில் 180, கியூபிட்டில் 62 – விடை கிடைத்தது

ஒரே ஆர்என்ஏ மாதிரியின் செறிவை அளந்தால், ஒளி உறிஞ்சுதலை வைத்து அளக்கும் நானோடிராப்பும் ஒளிரும் சாயத்தை வைத்து அளக்கும் கியூபிட்டும் ஏன் இப்படி வேறுபடுகின்றன என்று போன வாரம் கேட்டிருந்தேன் (மைக்ரோலிட்டருக்கு நானோகிராம் கணக்கில்). பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

பலித்தது டிஎன்ஏஸ் (டிஎன்ஏவைச் சிதைக்கும் நொதி) போட்டுப் பார்க்கும் யோசனைதான். மாதிரியை டிஎன்ஏஸ் போட்டு, சுத்திகரிப்புக் குழலில் (column) மறுபடி சுத்தம் செய்து அளந்தேன்: நானோடிராப் 71, கியூபிட் 57. அதாவது பிரித்தெடுக்கும்போது ஜீனோம் டிஎன்ஏ நிறையவே கூட வந்திருக்கிறது. 260 நானோமீட்டர் ஒளியை டிஎன்ஏவும் உறிஞ்சும். நானோடிராப்புக்கு வித்தியாசம் தெரியாது. கியூபிட்டின் ஆர்என்ஏ சாயம் பெரும்பாலும் ஆர்என்ஏவோடு சேர்ந்தால்தான் ஒளிரும். 260/280 விகிதம் (260, 280 நானோமீட்டர்களில் உறிஞ்சும் அளவுகளின் விகிதம்; தூய்மையைப் பார்க்க உதவுவது) 2.0 என்று அழகாக இருந்ததை நம்பி ஏமாந்தது என் தப்பு. அந்த விகிதம் டிஎன்ஏ கலப்பைக் காட்டிக்கொடுக்காது.

எதிர்பாராத ஒன்று: ஒரே குழாயை கியூபிட்டிலிருந்து வெளியே எடுக்காமல் மூன்று முறை அளந்தபோது அளவு இறங்கிக்கொண்டே போனது. கருவிக்குள் குழாய் சூடாகிறது, சூடேறினால் ஒளிர்வு குறையும். கையில் பிடித்துக்கொண்டே நின்றாலும் இதே கதைதான். அப்புறம் குழாயை ஸ்டாண்டில் வைத்து, அறை வெப்பநிலைக்கு வந்தபின் அளந்தேன். பழைய எண் திரும்பியது.