விமான ஊழியர்கள் தரும் விருந்தினர் பாஸ்: வாங்கிப் பறந்தவர்களும் கொடுத்துப் பட்டவர்களும் சொல்லுங்கள்

நியூஜெர்சிவாசி

என் சித்தப்பா மகன் ஓர் அமெரிக்க விமான நிறுவனத்தில் வேலை பார்க்கிறான். விருந்தினர் பாஸ் என்றால் ஊழியர் தன் உறவினருக்கோ நண்பருக்கோ கொடுக்கும் சலுகைப் பயண அனுமதி. இடம் உறுதியில்லை, இருக்கை காலியாக இருந்தால்தான் ஏற்றுவார்கள். அவன் கொடுத்த பாஸில் டெல்லிக்குப் போக முயன்ற கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். பிறகு நீங்கள் தொடருங்கள்.

அமெரிக்க நிறுவனம் எதுவும் சென்னைக்கு நேராகப் பறப்பதில்லை. வழியில் லுஃப்தான்சா, பிரிட்டிஷ் ஏர்வேஸ் என்று மாறிப் போகலாமே என்று கேட்டேன். ஊழியரும் அவருடைய குடும்பத்தாரும் வேறு நிறுவனங்களில் சலுகைக் கட்டணத்தில் பறக்கத் தனி ஒப்பந்தம் இருக்கிறதாம். விருந்தினர் பாஸ் அங்கே செல்லாதாம். ஆகவே டெல்லி வரை பாஸ், அதன் பிறகு சென்னைக்குக் கைக்காசு. அந்த உள்நாட்டு டிக்கெட்டை எந்தத் தேதிக்கு வாங்குவது? டெல்லிக்கு என்றைக்குப் போய்ச் சேருவோம் என்பதே தெரியாதபோது!

கேட்டுக்கு எதிரே இருந்த திரையில் காத்திருப்போர் பெயர்கள் ஓடின. என் பெயர் அடிமட்டத்தில் இருந்தது. காலி இருக்கைகள் இருப்பதும் அதே திரையில் தெரிந்தது. எனக்கு முன்னால் இருந்த சிலரை அழைத்தார்கள், பிறகு கதவைச் சாத்திவிட்டார்கள். இருக்கை உள்ளே காலி, ஆள் வெளியே. காரணம் கேட்டால் ‘எடை’ என்று ஒற்றைச் சொல்லில் பதில் வந்தது. விளக்கம் சொன்னது தம்பிதான். 2022 மார்ச்சில் ரஷ்ய வான்வெளி அமெரிக்க விமானங்களுக்கு இல்லாமல் போனது. யுனைடெட் நிறுவனம் சான்பிரான்சிஸ்கோ–டெல்லி சேவையையே அப்போது நிறுத்தியது. மற்றத் தடங்களில் சுற்றிப் போகிறார்கள், அதற்குக் கூடுதல் எரிபொருள் ஏற்றுகிறார்கள். எடை மிஞ்சினால் முதலில் நிற்பது சரக்கும் பாஸ்காரரும்தான். திரும்பும் பயணத்தில் எதிர்க்காற்றும் சேர்ந்துகொள்ளும் என்பதால் நிலைமை இன்னும் மோசமாம்.

கடைசியில் போய்ச் சேர்ந்தேன், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் சென்னை டிக்கெட்டை இருமுறை வாங்க நேர்ந்தது.

பெட்டி ஏற்றுபவன்

நியூஜெர்சிவாசி அவர்களே, உங்கள் தம்பி பாஸ் கொடுத்ததே பெரிய காரியம். நான் சரக்கு ஏற்றும் பிரிவில் இருக்கிறேன். பாஸ் கேட்கப்படுகிறவன் பக்கத்தைச் சொல்கிறேன்.

எங்கள் நிறுவனத்தில் ஆண்டுக்கு எட்டு விருந்தினர் பாஸ். மனைவி, பிள்ளைகள், பெற்றோர் இதில் வர மாட்டார்கள். அவர்களுக்குத் தனிச் சலுகை உண்டு. இந்த எட்டும் அண்ணன், அக்கா, மைத்துனர், சகலை, கல்லூரி நண்பர்கள் எல்லோருக்கும் சேர்த்து. ஒருவர் போய் வந்தால் ஒன்று கழியும். அக்கா குடும்பத்தில் நான்கு பேர் போனால் நான்கு தீர்ந்தது. அக்காவுக்குக் கொடுத்துவிட்டு மைத்துனி குடும்பத்துக்கு இல்லை என்று சொல்லிப் பாருங்கள், பிறகு வீட்டில் யார் சமைப்பார்கள்? ஆக அங்கே நான்கு. ஆண்டுக் கணக்கு பொங்கலுக்கு முன்பே முடிந்தது. மார்ச்சில் நண்பன் கூப்பிட்டுக் கேட்கும்போது ‘தீர்ந்துவிட்டது’ என்றால் நம்புவதில்லை. “விமானத்தில் தினமும் இடம் காலியாகத்தானே போகிறது, உன் அப்பன் வீட்டுச் சொத்தா போகிறது?” என்கிறான்.

தடை நாட்கள் வேறு இருக்கின்றன. நன்றி நவிலல் வாரம், கிறிஸ்துமஸ் என்று கூட்டம் அலைமோதும் நாட்களில் விருந்தினர் பாஸ் செல்லாது என்று முன்கூட்டியே பட்டியல் வந்துவிடும். உறவினர்கள் சரியாக அந்தத் தேதிகளைத்தான் கேட்பார்கள். அவர்களையும் குறை சொல்ல முடியாது, விடுமுறை அப்போதுதானே கிடைக்கிறது.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். யாருக்குப் பாஸ் கொடுத்தாலும் என் ஊழியர் எண் அவர்களோடு கேட் வரை போகிறது என்பதுதான் பெரிய சங்கதி. மைத்துனர் வற்புறுத்தியதால் அவருடைய நண்பர் ஒருவருக்குக் கொடுத்தேன். எனக்கு அவரை நேரில் தெரியாது. இடம் கிடைக்காத கோபத்தில் அவர் கேட்டில் இருந்த பெண்ணிடம் கத்தியிருக்கிறார். ‘நான் யார் தெரியுமா, எனக்கு உள்ளே ஆள் இருக்கிறது’ என்றும் சொல்லியிருக்கிறார். அந்த ‘உள்ளே இருக்கும் ஆள்’ நான்தான். அறிக்கை எழுதினார்கள், மேலாளர் கூப்பிட்டார், சில மாதங்களுக்குச் சலுகை முடக்கப்பட்டது. எனக்கு மட்டுமல்ல, என் கணக்கில் பறக்கும் மனைவி, பிள்ளைகள், அம்மா எல்லோருக்கும். கத்தியவர் அடுத்த வாரம் டிக்கெட் வாங்கிக்கொண்டு சொகுசாகப் பறந்துவிட்டார். மைத்துனர் இன்றுவரை ‘அவன் நல்லவன்தான், அன்றைக்கு என்னவோ’ என்கிறார்.

கணக்குப்பிள்ளை

வரியைப் பற்றி யாரும் பேசவில்லையே. அமெரிக்காவில் பல ஊழியர்களுக்கு ஆண்டுக் கடைசியில்தான் இது உறைக்கிறது.

ஊழியருக்குக் கிடைக்கும் இலவசப் பயணத்துக்கு வரி இல்லை என்பது அங்குள்ள வரிச் சட்டத்தின் 132ஆவது பிரிவில் இருக்கிறது. கணவன் அல்லது மனைவி, சார்ந்திருக்கும் பிள்ளைகள் ஆகியோருக்கும் அது பொருந்தும். பெற்றோர் விஷயம் விசித்திரமானது. அந்தப் பிரிவில் விமானப் பயணத்துக்கு மட்டும் தனி விதி போட்டு, ஊழியரின் அப்பா அம்மாவைச் சேர்த்திருக்கிறார்கள். அண்ணன், தங்கை, நண்பர் யாருக்கும் இந்த விலக்கு இல்லை. மாமியாரும் வெளியேதான். (சிரிக்காதீர்கள், சட்டம் அப்படித்தான் இருக்கிறது.)

விலக்கு இல்லாதவர் பறந்தால் அந்தப் பயணத்துக்கு ஒரு மதிப்புப் போடுவார்கள். காத்திருந்து ஏறும் இருக்கை என்றால், அந்த விமானத்தில் மாற்றவோ ரத்து செய்யவோ நிபந்தனை இல்லாத சாதாரண வகுப்புக் கட்டணங்களில் மிக உயர்ந்தது எதுவோ அதில் 25 சதவீதம். பயணி கட்டிய தொகை அதைவிடக் குறைவாக இருந்தால் மிச்சம் ஊழியரின் சம்பளமாகக் கருதப்படும். பறந்தவர் வேறு, வரி கட்டுகிறவர் வேறு. பல நிறுவனங்கள் விருந்தினரிடம் ஓரளவு கட்டணம் வாங்குவதற்கு இதுவும் ஒரு காரணம். ‘ஊழியர் பாஸ் என்கிறாய், பிறகு ஏன் இவ்வளவு பணம்?’ என்று சண்டைக்கு வருகிறவர்களிடம் இதைக் காட்டுங்கள்.

கேட்டில் நிற்பவள்

பெட்டி ஏற்றுபவன் அண்ணா சொன்ன கதையில் கத்து வாங்கும் பெண்ணின் இடத்தில் நான் நிற்கிறேன். வேறு நிறுவனம், அதே வேலை.

வரிசை எங்கள் கையில் இல்லை. முதலில் அலுவல் பயணமாக இடம் உறுதியான ஊழியர்கள். பிறகு சொந்த விடுமுறையில் போகும் ஊழியரும் அவருடைய குடும்பமும். பிறகு பெற்றோர், ஓய்வுபெற்றவர்கள் என்று நிறுவனத்துக்கு நிறுவனம் கொஞ்சம் மாறும். விருந்தினர் ஏறக்குறைய எப்போதும் அடியில்தான். ஒரே படியில் இருப்பவர்களுக்குள் சில நிறுவனங்கள் பணி மூப்பைப் பார்க்கின்றன, சில யார் முதலில் செக்-இன் செய்தார்கள் என்று பார்க்கின்றன. முப்பது ஆண்டு அனுபவமுள்ளவரின் பாஸோடு வந்தவர், நேற்றுச் சேர்ந்த பையனின் பாஸோடு வந்தவரைப் பார்த்துப் புன்னகைப்பதை நீங்கள் பார்க்க வேண்டும்.

உடை விஷயமும் உண்டு. 2017 மார்ச்சில் டென்வரிலிருந்து மினியாபொலிஸ் போகும் யுனைடெட் விமானத்தில் லெக்கின்ஸ் அணிந்த இரண்டு பெண்பிள்ளைகளை ஏற்றவில்லை என்று உலகமே கொதித்தது நினைவிருக்கும். அவர்கள் ஊழியர் பாஸில் வந்தவர்கள் என்பது பிறகுதான் வெளியே வந்தது. லெக்கின்ஸ் கூடாது என்ற விதி அப்போது டிக்கெட் வாங்கியவருக்குக் கிடையாது, பாஸ்காரருக்கு இருந்தது. ‘எங்கள் விமானத்தில் லெக்கின்ஸ் போட்டுக்கொள்ளலாம்’ என்று போட்டி விமான நிறுவனமான டெல்டா கிண்டலாக ட்விட்டரில் எழுதியது. என் கருத்து: பதின்வயதுப் பிள்ளையைக் கேட்டில் நிறுத்தி உடையைப் பார்ப்பது அசிங்கம். விதியே இருக்கக் கூடாது என்று சொல்ல மாட்டேன், ஆனால் அதைப் பாஸ் கொடுக்கும் இடத்திலேயே தெளிவாகச் சொல்லித் தொலைக்கலாமே. அன்றைக்கு அவப்பெயர் கேட்டில் நின்றவருக்குத்தான்.

இன்னொன்று. பாஸ்காரருக்கு இடம் கிடைக்காவிட்டால் ஓட்டல், சாப்பாட்டுச் சீட்டு, இழப்பீடு எதுவும் கிடையாது. இடம் மறுக்கப்பட்ட பயணிக்கு இழப்பீடு தரச் சொல்லும் ஐரோப்பாவின் 261ஆம் எண் ஒழுங்குமுறையிலேயே, பொதுமக்களுக்குக் கிடைக்காத சலுகைக் கட்டணத்தில் வருபவருக்கு இது பொருந்தாது என்று எழுதியிருக்கிறது. பிராங்க்பர்ட்டில் இரவு மாட்டிக்கொண்டு 600 யூரோ கேட்டவரை எனக்குத் தெரியும். கேட்கலாம், கேட்பதற்குக் காசா?

துபாய்த் தம்பி

வளைகுடா நிலவரம் வேறு மாதிரி. எங்களுக்கு எண்ணிக்கைக் கட்டுப்பாட்டைவிடப் பெயர்க் கட்டுப்பாடுதான் தொல்லை. விருந்தினராகச் சிலருடைய பெயரை ஆண்டுத் தொடக்கத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும், நடுவில் மாற்ற முடியாது. தம்பி பெயரைக் கொடுத்தேன். அவனுக்கு விடுப்பு கிடைக்கவில்லை. விடுப்பு கிடைத்த அண்ணன் பெயர் பட்டியலில் இல்லை.

பெயர் இருந்தாலும் ஜூலை, ஆகஸ்டில் சென்னை, கொச்சி விமானங்களில் இடம் கிடைப்பது அதிர்ஷ்டம். இங்கே பள்ளி விடுமுறை அப்போதுதான். துபாய்க்கும் இந்தியாவுக்கும் இடையே ஒவ்வொரு தரப்பும் வாரத்துக்குச் சுமார் 66,000 இருக்கைகள்தான் இயக்கலாம் என்று 2014 முதல் ஒப்பந்த வரம்பு இருந்துவந்தது. நிறுவனங்கள் விரும்பினாலும் கூடுதலாகப் பறக்க முடியாது. காசு கொடுப்பவர்களே நிரம்பி வழியும்போது நாம் எம்மாத்திரம்?

பெயர் வேண்டாம்

பாஸை விற்பவர்கள் பற்றி ஒரு வரி. என்னோடு வேலை பார்த்த ஒருவர் தமக்குக் கிடைத்த பாஸ்களைத் தெரிந்தவர் தெரியாதவர் எல்லோருக்கும் விலைக்குக் கொடுத்தார். வாங்கியவரில் ஒருவர் செக்-இன் கவுண்டரில் ‘இதற்கு இவ்வளவு கொடுத்தேன், எனக்கு ஏன் இடமில்லை?’ என்று உரக்கக் கேட்டுவிட்டார். விசாரணைக்குத் தனிப் பிரிவே இருக்கிறது. வேலை போனது. பணி ஓய்வுக்குப் பிறகும் வாழ்நாள் முழுக்கக் கிடைத்திருக்க வேண்டிய சலுகையும் சேர்ந்து போனது.

சந்தேகி

இவ்வளவு தொல்லை என்றால் இதை எதற்குச் சலுகை என்கிறார்கள்? இல்லாத சோற்றுக்கு இலை போட்டு உட்கார வைப்பது போல இருக்கிறது. காலி இருக்கையை நிறுவனம் தானம் செய்கிறது, அதற்கு இத்தனை நிபந்தனை. எண்ணிக்கையைக் குறைப்பதற்கு என்ன நியாயம்? இடமிருந்தால் ஏற்றப்போகிறீர்கள், இல்லையென்றால் விடப்போகிறீர்கள். எட்டானால் என்ன, எண்பதானால் என்ன?

பெட்டி ஏற்றுபவன்

நியாயமான கேள்வி, சந்தேகி. நானும் சேர்ந்த புதிதில் அப்படித்தான் நினைத்தேன். எண்பது இருந்தால் ஒவ்வொரு கேட்டிலும் விருந்தினர் கூட்டம் நிற்கும். பணி முடிந்து வீட்டுக்குப் போக வேண்டிய விமானப் பணிப்பெண்ணும் அதே பட்டியலில்தான் நிற்கிறாள். வரிசையில் அவள் மேலே இருப்பாள் என்றாலும், பெரும் பட்டியலைக் கடைசி பத்து நிமிடத்தில் அலசி முடிக்க வேண்டியது கேட்டில் இருப்பவர்தான். இன்னொன்றையும் நிறுவனம் யோசிக்கும்: டிக்கெட் வாங்கக்கூடியவர் பாஸில் வந்தால் விற்பனை போயிற்று. இரண்டாவது காரணத்தை அவர்கள் உரக்கச் சொல்வதில்லை.

பயனே இல்லை என்று சொல்லிவிடாதீர்கள். பிப்ரவரி மாதச் செவ்வாய்க்கிழமை, உள்நாட்டுத் தடம், ஒருவர் மட்டும், கையில் ஒரு பை: இதுபோல வருபவருக்குப் பாஸ் தங்கம். என் அம்மா (விருந்தினர் அல்ல, பெற்றோர் வரிசை) முதல் வகுப்பில் உட்கார்ந்து, கண்ணாடிக் குவளையில் ஆரஞ்சுச் சாறு குடித்துக்கொண்டே பறந்திருக்கிறார். ஊருக்குப் போய் அதைச் சொல்லாத ஆள் இல்லை. அதற்குப் பிறகுதான் பாஸ் கேட்டு வரும் தொலைபேசி அழைப்புகள் இரட்டிப்பாயின.

மதுரைப் பாட்டி பேரன்

எல்லாவற்றையும் படித்தேன். ஒரே கேள்வி. அக்காவுக்கு ஜூன் மாதம் பிரசவம், டாலஸில். உதவிக்கு அம்மா போக வேண்டும். அவருக்குச் சக்கர நாற்காலி தேவை, ஆங்கிலம் தெரியாது. அக்காவின் பக்கத்து வீட்டுக்காரர் விமான ஊழியர், டெல்லியிலிருந்து பாஸ் தருகிறேன் என்கிறார். வாங்கலாமா?

கேட்டில் நிற்பவள்

வேண்டாம், தம்பி. ஜூனில் இந்தியத் தடங்கள் நிரம்பி வழியும். அம்மா டெல்லியில் இரவு தங்க நேர்ந்தால் நிறுவனம் எதுவும் செய்யாது. டிக்கெட் வாங்குங்கள். சென்னையிலிருந்து ஒரே பதிவில் டாலஸ் வரை எடுத்தால் சக்கர நாற்காலி உதவியை இடை நிறுத்தத்திலும் சேர்த்தே பதிவு செய்யலாம், வழியில் ஒரு விமானம் தாமதமானாலும் அடுத்ததில் ஏற்றுவது அவர்கள் பொறுப்பு. பக்கத்து வீட்டுக்காரருக்கு நன்றி சொல்லிவிடுங்கள். அந்தப் பாஸை, பிரசவம் முடிந்து கூட்டம் குறைந்த பிறகு, செப்டம்பர் நடுவில் நீங்கள் தனியாகக் குழந்தையைப் பார்க்கப் போக வைத்துக்கொள்ளுங்கள். விசா முன்பே கையில் இருக்கட்டும், சட்டைக்குக் காலர் இருக்கட்டும்.

மதுரைப் பாட்டி பேரன்

நன்றி அக்கா. சென்னை–டாலஸ் டிக்கெட் விலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பாதியை மாமா தருகிறேன் என்று சொல்லியிருக்கிறார்.