காம்பஸ் முள் சாய்ந்து நின்றது: உங்கள் அனுபவமும் சொல்லுங்கள்

தோவாளைக்காரன்:
நார்வேயில் வேலை பார்க்கும் மச்சான் லீவுக்கு வந்தபோது என் மகளுக்கு ஒரு நல்ல காம்பஸ் கொண்டுவந்தார். கன்னியாகுமரி பக்கத்து மருந்துவாழ் மலைக்கு எடுத்துப் போனோம். சிவப்பு முனை வடக்கைத்தான் காட்டியது. ஆனால் முள் சமமாக நிற்கவில்லை; தெற்கு முனை தாழ்ந்து டப்பாவின் அடியில் உரசியது. தட்டினால் கொஞ்சம் நகரும், அப்புறம் ஒட்டிக்கொள்ளும். "கெட்டுப்போச்சாப்பா?" என்று பிள்ளை முகம் வாடிவிட்டது.

கெடவில்லை. நார்வேயில் பூமியின் காந்தவிசை 70 டிகிரிக்கு மேல் சாய்வாகத் தரைக்குள் இறங்குகிறது. முள்ளின் வடக்கு முனையைக் கீழே இழுக்கும். அதைச் சரிக்கட்டத் தெற்குப் பக்கம் சின்ன எடை வைத்துச் செய்கிறார்கள். நம் ஊரோ காந்த நடுக்கோட்டை ஒட்டி இருக்கிறது. இங்கே விசை கிட்டத்தட்டத் தரைக்குப் படுக்கையாகவே ஓடுகிறது. வடக்கு முனையை இழுக்க ஆள் இல்லை, எடை ஜெயித்துவிடுகிறது. பள்ளிக்கூடத்துப் பக்கத்துக் கடையில் வாங்கிய காம்பஸை அருகில் வைத்தோம். தட்டையாக, அழகாக நின்றது! 1963-இல் இந்தியாவின் முதல் ராக்கெட் விட, திருவனந்தபுரம் அருகே, நம் பக்கத்துத் தும்பாவைத் தேர்ந்தெடுத்ததும் இந்தக் கோட்டுக்காகத்தான்.

பூதப்பாண்டி டீச்சர்:
எட்டாம் வகுப்பில் ஒரு பையன் கேட்டான்: "டீச்சர், ஒரே முனைகள் தள்ளும்னு சொன்னீங்க. அப்போ காம்பஸின் வட முனை எப்படி வடக்கே போகுது?" எத்தனை நல்ல கேள்வி! வடக்கே இருப்பது, காந்தக் கணக்கில், தென் துருவம். பெயர் மட்டும்தான் வட காந்தத் துருவம். அது பூமி சுழலும் அச்சின் முனையும் இல்லை. 1831-இல் ஜேம்ஸ் கிளார்க் ராஸ் அதைக் கனடாவின் வடக்கில் கண்டார். இப்போது ரஷ்யா பக்கம் நகர்ந்துகொண்டிருக்கிறது. நம் ஊரில் காம்பஸ் காட்டும் வடக்குக்கும் அசல் வடக்குக்கும் சுமார் 2 டிகிரிதான் வித்தியாசம்.

தூத்தூர் கடலோரம்:
அண்ணாச்சி, நான் ஆழ்கடல் போட்டில் போகிறவன். அசல் வடக்குக்கு எங்களுக்குத் துருவ நட்சத்திரம். கன்னியாகுமரியில் அது 8 டிகிரி உயரத்தில்தான் நிற்கும்; கையை நீட்டி முட்டி பிடித்தால் அந்த முட்டி அளவுகூட வராது. தெற்கே போகப் போக இன்னும் தாழும். டீகோ கார்சியா தீவுப் பக்கம் பூமத்தியரேகையைத் தாண்டிவிட்டால் காணவே காணாது. அப்பா அதைக் காட்டித் தராமலே போனார், ஜி.பி.எஸ். வந்த பிறகுதான் நானே தேடிக் கற்றுக்கொண்டேன்.

காம்பஸ் பக்கம் இரும்பு வைக்காதீர்கள், பாட்டுக் கேட்கிற ஸ்பீக்கரும் வைக்காதீர்கள். அதற்குள் காந்தம் இருக்கிறது. ஒரு ராத்திரி எங்கள் போட்டில் யாரோ வைத்துவிட்டார்கள். கச்சான் காற்று மேற்கிலிருந்து அடிக்க வேண்டியது, காம்பஸ்படி தெற்கிலிருந்து அடித்தது. மூத்தவர் ஒருவர் கன்னத்தில் காற்றை வாங்கிப் பார்த்துவிட்டு, "டே, காம்பஸ்கிட்ட என்ன இருக்குன்னு பாரு" என்றார்.