பழைய மாஸி 35 டிராக்டரைப் பிரிக்கப் போகிறேன், அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. வண்டி மாஸி பெர்குசன் 35, பெர்கின்ஸ் 3 சிலிண்டர் டீசல். கிளட்ச் ஹவுசிங்கின் அடியில் உள்ள சிறு துளை வழியாக ஆயில் சொட்டுகிறது. கருப்பாக இருக்கிறது, கியர் ஆயில் வாடை இல்லை. அதனால் கிராங்க் பின்பக்க சீல்தான் (இன்ஜின் ஆயில் கிளட்ச் பக்கம் கசியாமல் தடுப்பது) போயிருக்க வேண்டும். ஏற்றத்தில் கிளட்ச்சும் வழுக்குகிறது. ஆயில் குடித்த பிளேட்டைக் கழுவிப் போடுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை, புதிதாகவே மாற்றிவிடுவேன்.

இதில் தனி சேஸி கிடையாது, இன்ஜினும் கியர்பாக்ஸும்தான் வண்டியின் முதுகெலும்பு. இரண்டாகப் பிரித்தால்தான் அங்கே கை எட்டும். முன் அச்சு நடு பின்னில் ஆடும் என்பதால் இருபுறமும் மரக்கட்டை அடித்து இறுக்கிவிடுவேன். பயம் அதற்குப் பிறகுதான். இன்ஜின் பக்கத்தை முன்னே உருட்டுவதா, பின்பாதியைப் பின்னே தள்ளுவதா? தனி ஆளுக்கு எது பாதுகாப்பு?

அப்புறம் சீல். கயிறு சீல், அதாவது கயிறு வடிவில் வரும் சீல், போட்டுப் பழகியவர்கள், ஹவுசிங்கில் அழுத்தியபின் முனைகளை எவ்வளவு வெளியே விடுவீர்கள்? முதலில் ஆயிலில் ஊறவைப்பீர்களா? என் வண்டியில் இரட்டைக் கிளட்ச் (ஓட்டத்துக்கு ஒரு பிளேட், பின்னால் மாட்டும் கருவிகளைச் சுழற்றும் பி.டி.ஓ-வுக்கு ஒரு பிளேட்), இரண்டு பிளேட்டும் நேராக நிற்காவிட்டால் பாதிகள் திரும்பச் சேராது. அவற்றை நேராக்க எதைப் பயன்படுத்துகிறீர்கள்? படம் இருந்தால் ரொம்ப உதவியாக இருக்கும்.