10 பாகைச் சாய்வில் நார்மல் ஃபால்ட் எப்படி நகரும்?

ஒற்றியூர்ப் பெண்:
எம்.எஸ்சி. ஜியாலஜி முதலாண்டு. பூமியின் மேலோடு இழுபடும் இடத்தில் பெரிய அழுத்தம் செங்குத்தாக இருக்கும், அதனால் நார்மல் ஃபால்ட் (மேல்பக்கப் பாறை கீழ்நோக்கிச் சரியும் பிளவு) 60 பாகையில் உடையும் என்பது புவியியலாளர் ஆண்டர்சன் 1905-இல் சொன்னது. உராய்வுக் கெழு 0.6 என்றால் ஏறக்குறைய 30 பாகைக்குக் கீழே அது நகரவே கூடாது. ஆனால் அமெரிக்காவின் பேசின் அண்ட் ரேஞ்ச் பகுதியில் டிடாச்மென்ட் ஃபால்ட்கள் எனப்படும், சாய்வு குறைந்து படுத்துக் கிடக்கும் நார்மல் ஃபால்ட்கள் பல பத்து கிலோமீட்டர் நகர்ந்திருக்கின்றன. எங்கப்பா எண்ணூர் ரோட்டில் டிப்பர் ஓட்டுகிறவர். தொட்டியை நன்றாகத் தூக்கினால்தான் மணல் சரியும். இது மட்டும் எப்படி?

ராயபுரம் வாசி:
பிறந்தபோது நிமிர்ந்திருந்தது, அப்புறம் படுத்தது. ரோலிங் ஹிஞ்ச் மாடல். விஷயம் முடிந்தது.

காசிமேட்டுக் கிழவன்:
முடியவில்லை தம்பி, பாதிதான். கடலடி சைஸ்மிக் வரைபடங்களைப் பார்த்தே கண்ணாடி போட்டவன் நான். அதில் தெரியும் ஃபால்ட் கோடு இன்று கிடக்கிற சாய்விலேயே பிறந்தது என்று நம்பி ஏமாந்தவர்கள் ஏராளம்.

தம்பி சொன்ன பாதி இது. ஃபால்ட்டுக்கு மேலே இருக்கும் மேல்பாறை விலகிப் போகப் போக, கீழே இருக்கும் அடிப்பாறையின் மேல் பாரம் குறைகிறது. பாரம் குறைந்தால் அது மிதந்து எழும்பும், வளையும். ஃபால்ட்டின் மேல்பகுதி படுத்துச் செயலற்றுப் போகும், ஆழத்தில் நிமிர்ந்த பகுதி தொடர்ந்து வேலை செய்யும். கலிஃபோர்னியாவின் விப்பிள் மலைகளில் மைலோனைட், அதாவது ஆழத்துச் சூட்டில் இழுபட்டு உருமாறிய பாறை, வெளியே கிடப்பது இப்படி எழும்பியதால்தான். அட்லாண்டிக் நடுமுகட்டில் அட்லாண்டிஸ் மாசிஃப் என்ற இடத்தில் 1.4 கிலோமீட்டர் துளையிட்டார்கள். பாறைக்குள் உறைந்திருந்த காந்தத் திசையை அளந்தபோது, அடிப்பாறை சுமார் 45 பாகை சுழன்றிருந்தது.

மற்ற பாதிதான் எனக்குப் பிடித்தது. இத்தாலியின் ஆல்டோ டிபெரினா ஃபால்ட் 15, 20 பாகைச் சாய்வில் இருக்கிறது. இன்றும் அதன் மேலேயே குட்டி நடுக்கங்கள் பதிவாகின்றன. பப்புவா நியூகினியின் மாயூ ஃபால்ட் வருடத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் நகர்கிறது. படுத்ததெல்லாம் செத்தது என்றால் இவை என்ன? எல்பா தீவின் சுக்காலே ஃபால்ட்டைப் பாருங்கள், அதன் நடுப்பகுதியில் டால்க் என்ற வழவழப்பான கனிமமும் களிமண் கனிமங்களும். பாறையின் வலிமை அங்கே செல்லாது. நுண்துளைகளில் திரவ அழுத்தமும் ஏறினால் பிடிமானம் இன்னும் தளரும். இப்படிப்பட்டவை பெரும்பாலும் மெல்ல ஊர்ந்தே நகர்வதால், 30 பாகைக்குக் குறைந்த சாய்வில் பெரிய நார்மல் நிலநடுக்கம் ஐயமின்றி நிரூபணமானது மிக அரிது.

ஒற்றியூர்ப் பெண்:
நன்றி ஐயா. ஆனால் ஈரக் களிமண் ஏற்றினால் தொட்டியோடு ஒட்டிக்கொள்ளும், சுரண்டித்தான் எடுப்பார்கள். களிமண் எப்படி வழுக்கும்?

காசிமேட்டுக் கிழவன்:
நல்ல கேள்விம்மா. ஒட்டுவது ஒன்று, உராய்வு வேறு. தொட்டியில் ஓரடி இரண்டடி மண், எடை கம்மி, அதனால் ஒட்டும் விசை ஜெயிக்கிறது. ஐந்து கிலோமீட்டர் ஆழத்தில் மேலிருந்து அமுக்கும் பாரத்துக்கு முன்னால் அந்த ஒட்டல் தூசு. அங்கே உராய்வுக் கெழுதான் பேசும், களிமண், டால்க் இரண்டுக்கும் அது குறைவு. உன் டிப்பர் கணக்கு பாறைக்கும் பொருந்தும். சாய்வின் டேன் மதிப்பு கெழுவைவிடக் குறைந்தால் ஃபால்ட் பூட்டிக்கொள்ளும். 0.6-ஐ எடுத்துவிட்டு 0.2 போட்டுப் பார்.

ராயபுரம் வாசி:
நம்ம கடலுக்கடியிலும் இப்படி இருக்கா பெரியவரே?

காசிமேட்டுக் கிழவன்:
இந்தியா அண்டார்க்டிகாவைவிட்டுப் பிரிந்தபோது, சுமார் 13 கோடி ஆண்டுக்கு முன், இந்தக் கரையும் இழுபட்டது. பாலாறு, காவிரிப் படுகைகள் அந்தப் பிளவின் மிச்சம்தான். காவிரியில் மேடும் பள்ளமுமாக உடைந்த கட்டமைப்பு. விப்பிள் மலை மாதிரி ஆழத்துப் பாறை எழும்பி வந்த இடத்தை, அதாவது கோர் காம்ப்ளெக்ஸை, தேடி எண்ணூரில் படகு எடுக்காதே.

ஒற்றியூர்ப் பெண்:
0.2 போட்டேன் ஐயா. 11 பாகை வருகிறது. அப்படியானால் 15 பாகை ஃபால்ட் நகரலாமே!

காசிமேட்டுக் கிழவன்:
நகரலாம். ஆனால் 11 என்பது கடைசி எல்லை. அதை ஒட்டி வந்தால் திரவ அழுத்தத்தின் உதவி வேண்டும். அடுத்து அந்த அழுத்தத்தையும் சேர்த்துப் போட்டுப் பார், அங்கேதான் தலை சுற்றும்.