எல்டிஸ்பைஸில் ரீட் ஸ்விட்ச்: காந்தம் இருந்தாலும் எரிகிறது, இல்லாவிட்டாலும் எரிகிறது

பீரோ_லைட் கேட்டது:

வணக்கம். அம்மாவின் ஸ்டீல் பீரோவைத் திறந்தால் உள்ளே ஒரு எல்இடி எரிய வேண்டும், மூடினால் அணைய வேண்டும். அவ்வளவுதான் திட்டம். கரண்ட் போன இரவுகளில் டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு மாத்திரைப் பெட்டியைத் தேடுகிறார், பார்க்கச் சகிக்கவில்லை.

ரிச்சி தெருவில் கண்ணாடி ரீட் ஸ்விட்ச் இரண்டு வாங்கி வந்தேன் (காந்தம் பக்கத்தில் வந்தால் உள்ளே இருக்கும் தகடுகள் ஒட்டிக்கொண்டு கரண்டைக் கடத்தும்; அதுதான் ஸ்விட்ச் 'மூடுவது'). ஒன்றின் காலை வளைக்கும்போது 'டிக்' என்று கண்ணாடி தெறித்துவிட்டது. மிச்சம் ஒன்றுதான். அதையும் உடைப்பதற்குள் சிமுலேஷனில் பார்த்துவிடலாம் என்று, சர்க்யூட்டைக் கம்ப்யூட்டரிலேயே ஓட்டிப் பார்க்கும் எல்டிஸ்பைஸ் புரோகிராமைத் திறந்தேன்.

ரீட் ஸ்விட்சுக்குப் பதில் வோல்டேஜைப் பார்த்து மூடும் எஸ்டபிள்யூ ஸ்விட்சைப் போட்டேன். காந்தம் என்பது 0-விலிருந்து 1 வோல்ட்டுக்குப் போகும் ஒரு சோர்ஸ். 5 வோல்ட் சப்ளை, 330 ஓம், சிவப்பு எல்இடி, எல்லாம் வரிசையாக. மாடல் வரியில் ஆர்ஆன் (மூடியிருக்கும்போது ரெசிஸ்டன்ஸ்) 1, ஆர்ஆஃப் (திறந்திருக்கும்போது ரெசிஸ்டன்ஸ்) 1எம், விடி (ஸ்விட்ச் மாறும் வோல்டேஜ்) 0.5 என்று கொடுத்தேன்.

எல்இடி அணையவே இல்லை. காந்தம் தள்ளி இருக்கும்போது 9.70 மில்லியாம்ப், பக்கத்தில் வந்தால் 9.67. என்ன தப்பு?

சால்டர்_புகை:

எல்இடி திருப்பி மாட்டியிருக்கிறதா பாருங்கள்.

பீரோ_லைட்:

திருப்பினால் எரியவே இல்லை அண்ணா. அதுவரை சரிதான்.

பழைய_ரேடியோ:

தம்பி, பதில் உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது. காந்தம் வந்தால் கரண்ட் கூட வேண்டும், உங்களுக்கு ஒரு பொடி குறைகிறது. அதாவது ஸ்விட்ச் மூடியிருப்பதைவிடத் திறந்திருக்கும்போது நன்றாகக் கடத்துகிறது!

ஸ்பைஸில் எம் என்றால் மில்லி. பெரிய எழுத்தில் அடித்தாலும் மில்லிதான். மெகா வேண்டுமானால் 'மெக்' என்று மூன்றெழுத்தும் அடிக்க வேண்டும். நீங்கள் கொடுத்த 1எம் ஒரு மெகா ஓம் அல்ல, ஒரு மில்லி ஓம், ஏறக்குறைய வெறும் கம்பி. மூடினால் 1 ஓம். 330-க்கு முன்னால் அந்த ஒரு ஓம் எம்மாத்திரம்? அதுதான் உங்கள் 0.03. பெர்க்லியில் 1970-களில் பஞ்ச் கார்டில் ஓட்டிய புரோகிராமின் வாரிசு இது. அந்தக் காலத்துக்கு எல்லாம் பெரிய எழுத்துதான், சின்ன எம், பெரிய எம் என்ற பேதமே கிடையாது. நானும் ஒரு ராத்திரி முழுக்க இதில் மாட்டிக்கொண்டு விழித்தவன்.

இன்னொன்று, விஎச் கொடுக்கவில்லையே? விடிக்கு எவ்வளவு மேலே மூட வேண்டும், எவ்வளவு கீழே திறக்க வேண்டும் என்று சொல்வது அதுதான். நிஜ ரீட் ஒட்டும் இடமும் விடும் இடமும் ஒன்றல்ல. 20 ஆம்பியர்-டர்னில் (காந்த பலத்தைச் சொல்லும் அளவு) ஒட்டி 10-இல் விடுகிற ரீட் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1 வோல்ட்டை 1 ஆம்பியர்-டர்னாக எண்ணி விடி 15, விஎச் 5 கொடுங்கள். காந்த சோர்ஸை பிடபிள்யூஎல்லில் (எந்த நேரத்தில் எத்தனை வோல்ட் என்று வரிசையாகக் கொடுக்கும் முறை) ஒரு செகண்டில் 0-விலிருந்து 30-க்கு ஏற்றி, அடுத்த செகண்டில் 0-வுக்கு இறக்குங்கள். 0.67 செகண்டில் மூடி 1.67-இல் திறக்க வேண்டும்.

மின்மினி:

அது சரியானாலும் வேலை தலைகீழாகத்தானே நடக்கும்? பீரோ மூடியிருந்தால் காந்தம் பக்கத்தில் இருக்கும், அப்போது எல்இடி எரியும். அம்மா திறந்ததும் அணைந்துவிடும் :)

ஒரு பிசி547 டிரான்சிஸ்டர் சேருங்கள், அதன் பேஸுக்குக் கரண்ட் போனால்தான் கலெக்டர் பக்கம் கரண்ட் ஓடும். எல்இடியும் 330 ஓமும் கலெக்டர் பக்கம், பேஸுக்கு சப்ளையிலிருந்து 47 கிலோ ஓம், ரீட் பேஸுக்கும் கிரவுண்டுக்கும் நடுவில். பீரோ மூடியிருக்கும்போது ரீட் பேஸைக் கிரவுண்டில் அழுத்திவிடும், எல்இடி அணையும். மூன்று பென்சில் செல் போட்டால் அந்த நிலையில் 0.1 மில்லியாம்ப்தான் போகும். 2000 எம்ஏஎச் செல் என்றால் கணக்குப்படி இரண்டு வருடத்துக்கு மேல் வரும். காந்தம் வந்தால் திறக்கும் இணைப்பும் உள்ள மூன்று கால் ரீட் கிடைத்தால் டிரான்சிஸ்டரே வேண்டாம், அந்த 0.1-உம் மிச்சம்.

பழைய_ரேடியோ:

காலை வளைக்கும்போது கண்ணாடிக்கும் வளைவுக்கும் நடுவில் நோஸ் பிளையரால் இறுக்கிப் பிடித்துக்கொள்ளுங்கள். வளைக்கிற பாரம் கண்ணாடிக்குப் போகக் கூடாது.

சிமுலேஷன் சொல்லாத விஷயம் ஒன்று: பீரோ இரும்பு. தகட்டின் மேலேயே ரீடை ஒட்டினால் காந்தப்புலத்தைத் தகடு தின்றுவிடும், மேஜையில் ஸ்விட்ச் மூடிய தூரத்தில் பீரோவில் மூடாது. ரீடுக்கும் காந்தத்துக்கும் அடியில் ஏதாவது முட்டுக் கொடுங்கள், மரமோ பிளாஸ்டிக்கோ.

பீரோ_லைட்:

மெக் என்று மாற்றியதும் சரியாகிவிட்டது, 0.67, 1.67 இரண்டும் அச்சாக வந்தன. பிசி547-உம் சேர்த்து நேற்று பீரோவிலேயே மாட்டினேன். முதலில் தகட்டிலேயே ஒட்டிப் பார்த்தேன் (சொன்னால் கேட்கிற ஜாதி இல்லை நான்), கதவை மூடிய பிறகும் இடுக்கில் வெளிச்சம் தெரிந்தது. அப்புறம் பழைய ஹவாய் செருப்பை வெட்டி இரண்டுக்கும் அடியில் வைத்தேன். இப்போது மூடினால் அணைகிறது. அம்மாவுக்கு ஒரே ஒரு குறைதான்: புடவை அடுக்கும் இடத்தில் செருப்பை வைத்துவிட்டேனாம்.