ஒன்பதாம் வகுப்பு ஊட்டச்சத்துப் பாடமும் ஒரு பொட்டலம் 'பிளாஸ்டிக் அரிசி'யும்

களியும் கீரையும் (கேள்வி):

வணக்கம். தருமபுரி மாவட்டத்தில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியை நான். ஒன்பதாம் வகுப்பில் 38 பேர். அடுத்த வாரம் ஊட்டச்சத்துப் பாடம் ஆரம்பிக்க வேண்டும். பதினோரு வருடமாக ஒரே மாதிரிதான் நடத்துகிறேன். கரும்பலகையில் அட்டவணை போடுவேன்: வைட்டமின் பெயர், எதில் கிடைக்கும், குறைந்தால் என்ன நோய். பிள்ளைகள் "ஏ மாலைக்கண், பி பெரிபெரி, சி ஸ்கர்வி, டி ரிக்கெட்ஸ்" என்று வாய்ப்பாடு மாதிரி ஒப்பித்துவிடுவார்கள். மதிப்பெண்ணும் வந்துவிடும். ஆனால் அந்த அட்டவணைக்கும் அவர்கள் தட்டுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

போன வருடம் ஒரு மாறுதலுக்காக, "நேற்று மூன்று வேளையும் என்ன சாப்பிட்டாய் என்று எழுதி வா" என்றேன். ஒரு பையன் எழுதியிருந்தான்: காலை பூரி, மதியம் மட்டன் பிரியாணி, இரவு சப்பாத்தி குருமா. அவன் அம்மா செங்கல் சூளைக்குப் போகிறவர். அன்று மதியம் அவன் என் கண் முன்னால் சத்துணவு வரிசையில் நின்றான். இன்னொரு பெண் 'காலை' என்று எழுதி அதற்கு எதிரே கோடு மட்டும் போட்டிருந்தாள். இரண்டு நோட்டிலும் ஒன்றும் கேட்காமல் கையெழுத்துப் போட்டேன். அப்புறம் அந்த வீட்டுப்பாடத்தைக் கொடுக்கவே இல்லை.

இந்த வருடம் வேறு பிரச்சினை. போன வாரம் ஒருவன் காகிதத்தில் பத்துப் பன்னிரண்டு அரிசியை மடித்துக் கொண்டுவந்தான். "மிஸ், ரேஷன் அரிசியில வந்த பிளாஸ்டிக் அரிசி. எங்க ஆயா பொறுக்கி வெச்சாங்க" என்றான். அது செறிவூட்டப்பட்ட அரிசி, சத்து சேர்த்தது என்றேன். "யார் மிஸ் சொன்னது?" அரசாங்கம் என்றேன். வகுப்பே சிரித்தது. மொத்தப் பேரும் ஆயா பக்கம். இப்போது சிலர் சத்துணவில் அந்த அரிசியைத் தேடித் தேடித் தட்டின் ஓரத்தில் ஒதுக்குகிறார்கள்.

ஆய்வகம் என்பது ஒரு மர பீரோ. அயோடின் பாட்டில் கால்வாசி, காலாவதியான பெனிடிக்ட் கரைசல், ஒரு சாராய விளக்கு, உடையாத சோதனைக்குழாய் ஒன்பது. இதை வைத்து என்ன செய்யலாம்? யார் வீட்டுச் சாப்பாட்டையும் சந்திக்கு இழுக்காமல் எப்படி நடத்துவது?

*

ஓய்வுபெற்ற விலங்கியல்:

அம்மா, பாடத்தை அந்தப் பொட்டலத்திலிருந்தே ஆரம்பியுங்கள். இதைவிட நல்ல முன்னுரை கிடைக்காது.

அந்த அரிசி எப்படி உருவாகிறது என்று முதலில் சொல்லிவிடுங்கள். அரிசி மாவில் இரும்பு, ஃபோலிக் அமிலம், வைட்டமின் பி12 கலந்து பிசைந்து, இயந்திரத்தில் சேவை பிழிவது போலப் பிழிந்து, அரிசி அளவுக்கு நறுக்கிக் காயவைக்கிறார்கள். 100 கிலோ சாதா அரிசிக்கு இது 1 கிலோ. பிழிந்த மாவு என்பதால் நிறம் கொஞ்சம் வேறாக இருக்கும், ஊறினால் சீக்கிரம் குழையும், சிலது மிதக்கும். ஆயாவின் கண் சரியாகத்தான் பார்த்திருக்கிறது. பெயர்தான் தப்பு. இதை வகுப்பில் கட்டாயம் சொல்லுங்கள், "உங்க ஆயாவுக்கு ஒண்ணும் தெரியாது" என்ற தொனி மட்டும் வரவே கூடாது.

மாவுப்பொருளா என்று பார்க்க உங்களிடம் இருக்கும் அயோடினே போதும். பொறுக்கிய அரிசி, சாதா அரிசி, பேனா மூடியில் சுரண்டிய பிளாஸ்டிக் துருவல், மூன்றையும் தனித்தனிக் குழாயில் போட்டுச் சோதியுங்கள், மாவு இருந்தால் நீலமாகும். இரும்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டுமானால் பக்கத்து மேல்நிலைப் பள்ளி வேதியியல் ஆய்வகத்தில் பொட்டாசியம் தயோசயனேட் கேளுங்கள். நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தோடு சேர்த்து அரிசி மேல் ஒரு சொட்டு விட்டால் சிவக்கும். சாதா அரிசி சிவக்காது. இதை நீங்களே செய்து காட்டுங்கள், பிள்ளைகள் கையில் அமிலம் வேண்டாம்.

வைட்டமின் சி-க்கு நான் முப்பது வருடம் செய்த வித்தை ஒன்று உண்டு. வடித்த கஞ்சித் தண்ணீரை நன்றாக நீர்க்க வைத்து, காயத்துக்குப் போடும் பொவிடோன் அயோடின் இரண்டு சொட்டு விட்டால் நீலமாகும். அதில் நெல்லிக்காய்ச் சாற்றைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள், நீலம் காணாமல் போகும். எத்தனை சொட்டு என்று எண்ணச் சொல்லுங்கள், சொட்டு குறைந்தால் வைட்டமின் சி அதிகம். அப்புறம் எலுமிச்சை, அப்புறம் கொதிக்க வைத்து ஆறிய எலுமிச்சை. நெல்லிக்காய்க்கு முன்னால் எதுவும் நிற்காது. வகுப்பில் பந்தயமே நடக்கும்.

பெரிபெரியை வெறும் பெயராக விட்டுவிடாதீர்கள். நான் நீலகிரிக்காரன், அதனால் எனக்கு இதில் கொஞ்சம் பற்று அதிகம். 1918-இல் குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தில் ஒரே ஓர் அறையில் ராபர்ட் மெக்காரிசன் பெரிபெரி ஆராய்ச்சியைத் தொடங்கினார். அது வளர்ந்து, 1958-இல் ஹைதராபாத்துக்குப் போய், இன்றைய தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஆனது. அதற்கும் முன்னால் ஜாவாவில் எய்க்மேன் என்ற டச்சு மருத்துவர் கோழிகளைப் பார்த்தார். மருத்துவமனையில் மிஞ்சிய வெள்ளைச் சோற்றைத் தின்ற கோழிகளுக்குக் கால் இழுத்துக்கொண்டது. புதிதாக வந்த சமையற்காரர் அந்தச் சோற்றைக் கோழிக்குப் போட மறுத்ததும், தீட்டாத அரிசி போட்டார்கள், கோழிகள் தேறின. எய்க்மேன் முதலில் சோற்றில் ஏதோ நஞ்சு இருக்கிறது என்றுதான் நினைத்தார். இல்லாத ஒன்றால் நோய் வரும் என்று யாருக்குத் தோன்றும்? அவருக்கு 1929-இல் நோபல் கிடைத்தது.

இங்கே புழுங்கலரிசியைக் கொண்டுவாருங்கள். நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டில் இருக்கும் தயமின் (வைட்டமின் பி1, இது குறைந்தால்தான் பெரிபெரி) அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. அதற்கப்புறம் தீட்டினாலும் ஓரளவு தங்கும். பச்சரிசியில் தவிட்டோடு அதுவும் போய்விடும். நெல் அவித்த பாட்டிகள் எந்தப் புத்தகத்தையும் பார்த்துச் செய்யவில்லை.

*

பாடம் முடிச்சாச்சா:

நல்லாத்தான் இருக்கு சார். ஆனால் 40 நிமிட பீரியட், 38 பிள்ளைகள், ஒன்பது சோதனைக்குழாய். கோழிக்கதை சொல்லி முடிப்பதற்குள் மணி அடித்துவிடும். காலாண்டுக்கு இன்னும் நான்கு பாடம் பாக்கி. கேள்வித்தாளில் வருவது "ஸ்கர்வி எந்த வைட்டமின் குறைவால் வருகிறது" என்பதுதான். எனக்கும் ஆசை இல்லாமல் இல்லை, ஆனால் நடைமுறை என்று ஒன்று இருக்கிறதே.

*

நர்சம்மா:

நான் கிராம சுகாதார செவிலியர். பள்ளிகளுக்கு மாத்திரை கொடுக்கப் போகிறவள். வாரம் ஒன்று என்று கொடுக்கும் நீல நிற இரும்புச்சத்து மாத்திரையில் பாதி எங்கே போகிறது தெரியுமா? கழிப்பறைக்குப் பின்னால் சுவரோரம். நானே பொறுக்கியிருக்கிறேன். பிள்ளைகளைத் திட்டிப் பயனில்லை. வெறும் வயிற்றில் போட்டுவிட்டுக் குமட்டினால் மறுபடி யார் போடுவார்கள்? மலம் கறுப்பாகப் போனதும் பயந்துவிடுகிறார்கள். சாப்பிட்ட பிறகு போட வேண்டும், கறுப்பாகப் போவது சகஜம், அந்த நேரத்தில் டீ குடிக்கக் கூடாது. இந்த மூன்றையும் மாத்திரை கொடுக்கும்போது யாரும் சொல்வதில்லை. டீச்சர், நீங்கள் பாடத்திலேயே சொல்லிவிடுங்கள். டீயில் இருக்கும் டானின் இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும், குடல் உறிஞ்சாது. கூடவே நெல்லிக்காயோ எலுமிச்சையோ இருந்தால் கீரையில், பருப்பில் இருக்கும் இரும்பு நன்றாக ஏறும். மேலே ஐயா சொன்ன சொட்டுப் பந்தயத்தோடு இதைக் கோர்த்துவிடலாம்.

பீட்ரூட் கதையையும் உடையுங்கள். சிவப்பாக இருப்பதால் ரத்தம் ஊறும் என்று நினைக்கிறார்கள். 100 கிராம் பீட்ரூட்டில் 1 மில்லிகிராம் இரும்புகூட இல்லை. அந்தச் சிவப்பு வேறு நிறமி.

ஒரு வேண்டுகோள். வகுப்பில் வைத்து யாருடைய இமையையும் இழுத்துப் பார்க்காதீர்கள். எடை பார்த்துச் சத்தமாக வாசிக்காதீர்கள். 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வில், நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. இதைச் சொன்னால் ஒருத்தியை மட்டும் பார்த்துச் சொன்னதாக ஆகாது.

*

அடுப்படி அமைப்பாளர்:

சத்துணவு மையம் நடத்துகிறேன். ஒரு சின்ன யோசனை. வீட்டுச் சாப்பாட்டை எழுதச் சொல்லாதீர்கள், எங்கள் சாப்பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் பிள்ளைகளில் பெரும்பாலோர் மதியம் ஒரே குண்டான் சோற்றைத்தான் சாப்பிடுகிறார்கள். அதில் யாருக்கும் மறைக்க ஒன்றும் இல்லை. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கு 150 கிராம் அரிசி, பருப்பு, காய், ஒரு முட்டை. முட்டையில் ஏறக்குறைய 6 கிராம் புரதம். புரதத்தைக் கட்டும் அமினோ அமிலங்களில் அரிசியில் லைசின் குறைவு, பருப்பில் மெத்தியோனைன் குறைவு, இரண்டும் ஒரே தட்டில் விழுந்தால் ஒன்றின் குறையை மற்றது நிரப்பும். சாம்பார் சாதத்தை வைத்தே ஒரு பீரியட் ஓட்டலாம்.

செறிவூட்டிய அரிசிக்குக் கணக்கும் இருக்கிறது. கிலோவுக்கு 28 முதல் 42.5 மில்லிகிராம் இரும்பு இருக்க வேண்டும் என்பது விதி. 150 கிராமுக்கு எவ்வளவு என்று பிள்ளைகளையே போடச் சொல்லுங்கள். பொறுக்கி ஒதுக்கினால் போவது அதுதான். எங்கள் சமையலர் அக்காவும் முதலில் மிதந்ததை எல்லாம் அள்ளிக் கொட்டிக்கொண்டிருந்தார், சொல்லித்தான் நிறுத்தினேன்.

*

களியும் கீரையும்:

எல்லாருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்லிவிடுகிறேன், முதல் நாள் மானம் போனதையும் சேர்த்து.

மூன்று குழாய். ஆயாவின் அரிசியை நுணுக்கிக் கொதிக்க வைத்தேன், சாதா அரிசியையும் அப்படியே, மூன்றாவதில் பேனா மூடித் துருவல். பீரியட் முடிய எட்டு நிமிடம்தான் இருந்தது. அவசரத்தில் விளக்கிலிருந்து எடுத்த சூட்டோடு அயோடினை விட்டேன். ஒன்றிலும் நீலம் இல்லை. லேசான மஞ்சள், அவ்வளவுதான். கடைசி பெஞ்சிலிருந்து "பிளாஸ்டிக்கேதான்!" என்று ஒரு குரல். அப்புறம் கைதட்டல். சாதா அரிசிக் குழாயிலும் நீலம் வரவில்லையே என்று அந்த நேரத்தில் யாருக்கும் தோன்றவில்லை, எனக்கும்தான். மணி அடித்துவிட்டது.

குழாய்களைத் தாங்கியிலேயே விட்டுவிட்டு ஆசிரியர் அறைக்குப் போய் உட்கார்ந்தேன். பத்து நிமிடம் இருக்கும், பொட்டலம் கொண்டுவந்த அதே பையன் ஓடிவந்தான். "மிஸ், தானா நீலமாயிடுச்சு!" போய்ப் பார்த்தால் இரண்டு குழாய் கருநீலம், பேனா மூடி மட்டும் மஞ்சள். சூட்டில் மாவுச்சத்தின் சுருள் தளர்ந்து அயோடின் உள்ளே தங்காது, ஆறினால்தான் நிறம் பிடிக்கும். கல்லூரியில் படித்ததுதான், மறந்தே போயிருந்தேன். மறுநாள் நீலமான குழாயை மறுபடி சூடாக்கி நிறத்தைப் போக்கி, ஆறவைத்து வரவழைத்துக் காட்டினேன். மூன்று தடவை கேட்டார்கள், மூன்று தடவையும் செய்தேன். பாடத்தில் இது இல்லவே இல்லை.

இதோடு முடிந்தது என்று நினைத்தபோது ஒரு பெண் எழுந்தாள். அதிகம் பேசாதவள். "மிஸ், மாவு இருக்குன்னுதானே இது சொல்லுது. மாவோட பிளாஸ்டிக்கும் கலந்திருந்தா?" சத்தியமாக என்னிடம் பதில் தயாராக இல்லை. சரி, சாப்பிட்டால் செரிக்குமா என்று பார்த்துவிடலாம் என்றேன். அந்த அரிசிக் கஞ்சியை நிறைய தண்ணீர் விட்டு நீர்க்க வைத்து, இரண்டு குழாயில் பிரித்தோம். ஒன்றில் அவளே எச்சில் துப்பினாள் (வகுப்பு முழுக்க "ச்சீ"). குழாயை உள்ளங்கையில் பொத்திக்கொண்டு பதினைந்து நிமிடம் உட்கார்ந்திருந்தாள். அயோடின் விட்டால் எச்சில் இல்லாத குழாய் நீலம், அவள் குழாயில் நீலம் இல்லை. எச்சிலில் மாவைச் செரிக்கும் அமிலேஸ் நொதி வேலையை முடித்துவிட்டது. அப்புறம் ஓர் அரிசியை இடுக்கியில் பிடித்து விளக்கில் காட்டினோம், கருகிச் சோறு அடிப்பிடித்த வாசனை வந்தது. பேனா மூடி உருகிச் சொட்டி நாறியது. அவள் தலையாட்டிவிட்டு உட்கார்ந்தாள். முழுக்க ஒத்துக்கொண்டாளா என்று சொல்ல முடியாது.

தயோசயனேட் பக்கத்துப் பள்ளியில் கிடைத்தது. சாதா அரிசி அப்படியே கிடக்க, ஆயா பொறுக்கியது ஒவ்வொன்றாகச் சிவந்தது. ஒன்று மட்டும் சிவக்கவில்லை. அது சாதா அரிசிதான், ஆயா தப்பாகப் பொறுக்கியிருக்கிறார் என்று பேரனே அறிவித்தான்.

'பாடம் முடிச்சாச்சா' சார், நீங்கள் சொன்னது நியாயம். நான்கு பீரியட் போய்விட்டது. வைட்டமின் அட்டவணையை வீட்டுப்பாடமாகக் கொடுத்துவிட்டேன், கோழிக்கதையை ஐந்து நிமிடத்தில் சுருக்கிவிட்டேன். ஐயா மன்னிக்கணும். நர்சம்மா, மாத்திரை விஷயத்தைப் பெண்களிடம் தனியாகப் பேசினேன், கறுப்பு என்றதும் நான்கைந்து பேர் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

தட்டின் ஓரத்தில் ஒதுக்குவது குறைந்திருக்கிறது, நிற்கவில்லை. அடுத்து புரதத்துக்குப் பையூரட் சோதனை. மயில்துத்தம் இருக்கிறது, சோடியம் ஹைட்ராக்சைடு வாங்கியாயிற்று. வெள்ளைக்கரு வேண்டும். சத்துணவு முட்டையில் ஒன்று கொடுங்கள் என்று வகுப்பில் கேட்டேன். 38 பேரில் ஒருவர்கூடக் கை தூக்கவில்லை. நாளைக்கு வீட்டிலிருந்து எடுத்துப் போகிறேன்.